பாக்ஸ்வுட் கேட்டால் காமினி தருகிறார்கள்: தோட்டத்தில் எலுமிச்சை இருந்தால் கவனியுங்கள்

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனாலும் சரி, வண்டலூரில் இடதுபக்கம் திரும்பிக் கேளம்பாக்கம் சாலையில் போனாலும் சரி, வழியெல்லாம் நர்சரிகள்தான். அவற்றில் முழங்கால் உயரத்துக்குக் குட்டிக் குட்டி இலைகளோடு, பந்துபோல வெட்டிவிட்ட ஒரு பச்சைச் செடியைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பெயர் கேட்டால் ஒரு கடையில் 'பாக்ஸ்வுட்' என்பார்கள். அடுத்த கடையில் அதே செடிக்கு 'மினி காமினி' என்று பெயர். இன்னொரு கடையில் பாக்ஸ்வுட் என்று கேட்டால் முற்றிலும் வேறு செடியை எடுத்துக் கொடுப்பார்கள். வீட்டு வாசலில் நாலு தொட்டி வைப்பவருக்கு இந்தக் குழப்பத்தால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. மாம்பாக்கம், திருப்போரூர், படப்பை பக்கம் நிலம் வைத்துக்கொண்டு, வரப்பு ஓரத்தில் வேலியாக நூறு செடி நடப்போகும் விவசாயிக்கு இது பெரிய விஷயம். அவருடைய தோட்டத்தில் பத்து எலுமிச்சை மரம் நின்றால் இன்னும் பெரிய விஷயம்.

ஏன் என்று விளக்குவதற்கு முன்னால், எந்தச் செடி எது என்று தெரிந்துகொள்வோம்.

உண்மையான பாக்ஸ்வுட் நம் ஊர்ச் செடி அல்ல

பாக்ஸ்வுட் என்று உலகம் முழுக்கச் சொல்வது பக்ஸஸ் என்ற செடியை. ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் வளரும் பக்ஸஸ் செம்பர்வைரன்ஸ்தான் அங்குள்ள அரண்மனைத் தோட்டங்களில் கத்தரித்த சுவர்போல நிற்பது. அதன் கட்டை மிகவும் கெட்டி, தண்ணீரில் போட்டால் மூழ்கும். சதுரங்கக் காய், அளவுகோல், புத்தகப் படம் அச்சடிக்கும் மரக்கட்டை எல்லாம் ஒரு காலத்தில் அதில்தான் செய்தார்கள். இந்தியாவிலும் இதற்கு ஓர் உறவுக்காரச் செடி உண்டு. அது இமயமலைச் சரிவுகளில் வளர்வது.

இரண்டுமே குளிர்ப் பிரதேசச் செடிகள். 2003 மே 31 அன்று சென்னையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. அந்த அளவுக்குப் போகாத வருடத்திலும், மே மாதத்தில் தாம்பரத்தில் இரவுகூடப் புழுக்கமாகத்தான் இருக்கும். பக்ஸஸ் செடிக்கு அது ஒத்துவராது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களின் குளிர்ச்சிதான் அதற்கு ஏற்றது. பெங்களூரு பக்கம் இருந்து லாரியில் வரும் செடி வாங்கிய மூன்று மாதம் பச்சையாக இருந்துவிட்டு, கோடையில் நுனி கருகி, அடுத்த மழையில் வேர் அழுகிப் போவதுதான் வழக்கம். பணம் கொடுத்து வாங்க வேண்டாம்.

ஆடு மாடு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உண்மையான பாக்ஸ்வுட் இலையில் நச்சுப் பொருள்கள் உள்ளன. வெட்டிய கிளையைத் தீவனம் என்று ஆட்டுக்குப் போட்டுவிடக் கூடாது. பாக்ஸ்வுட் என்ற பெயரில் சில கடைகளில் தரும் துராந்தா செடியின் மஞ்சள் பழங்களும் நச்சுதான். குழந்தைகள் பறித்து வாயில் போடும் உயரத்தில் அவை தொங்கும்.

கையில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்

நம் வெயிலுக்கு உண்மையில் நிற்பது, பாக்ஸ்வுட் இடத்தில் நாடு முழுக்க வைப்பது, காமினி. முராயா பானிகுலாட்டா என்பது அதன் தாவரவியல் பெயர். ஆங்கிலத்தில் இதற்குச் 'சைனீஸ் பாக்ஸ்' என்ற பெயரும் இருப்பதால்தான் நர்சரிக்காரர்கள் பாக்ஸ்வுட் என்கிறார்கள். அவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

காமினிச் செடி எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பாதி முழுக்க இதில்தான் இருக்கிறது.

அடையாளம் காண ஓர் இலையைப் பறியுங்கள். பறிக்கும்போது எது இலை, எது சிற்றிலை என்று பார்க்க வேண்டும். கிளையில் இருந்து காம்பு புறப்படும் கக்கத்தில் சின்ன மொட்டு இருக்கும். அந்த மொட்டுக்கு மேலே இருப்பது மொத்தமும் ஒரே இலை. காமினியில் அந்த ஒரு காம்பில் 3 முதல் 9 சிற்றிலைகள், கறிவேப்பிலை ஈர்க்குபோல அமைந்திருக்கும். நுனியில் ஒற்றைச் சிற்றிலை நிற்கும். குட்டை ரகத்தில் இந்தச் சிற்றிலைகள் சிறிதாகவும் உருண்டையாகவும் இருப்பதால், பார்க்கிறவர் ஒவ்வொன்றையும் தனி இலை என்று எண்ணி ஏமாறுகிறார். உண்மையான பாக்ஸ்வுட்டில் ஒவ்வொரு சிறு இலையும் தனி இலைதான். கிளையில் எதிரெதிராக ஜோடி ஜோடியாக நிற்கும், நுனியில் லேசான பிளவும் இருக்கும்.

அடுத்து, காமினி இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல வெளிச்சம் ஊடுருவும் புள்ளிகள் தெரியும். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை எல்லாவற்றிலும் இந்த எண்ணெய்ப் புள்ளிகள் உண்டு. கசக்கினால் எலுமிச்சை இலையை நினைவூட்டும் மணம் வரும். கசக்கும்போது பால் வடிந்தால் அது ஃபைக்கஸ் வகை, அதாவது ஆல், அத்தி இனத்துச் செடி. அதையும் உருண்டையாக வெட்டி பாக்ஸ்வுட் என்று விற்கிறார்கள். வேலிக்கு அருகே கிணறோ கட்டடமோ இருந்தால் அதை நட வேண்டாம், வேர் போகும் இடம் பின்னால் தெரியும்.

பூவும் காயும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். காமினிப் பூ வெள்ளை, ஐந்து இதழ், பின்னோக்கி வளைந்திருக்கும். மாலையில் மல்லிகையும் எலுமிச்சைப் பூவும் கலந்ததுபோல மணக்கும். பழம் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம், சின்னக் களாக்காய் அளவு, உள்ளே ஒன்றோ இரண்டோ விதை. பாக்ஸ்வுட் பூவில் இதழே கிடையாது, பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணுக்கே தெரியாமல் பூக்கும்.

கறிவேப்பிலைக் கன்று என்று நினைத்துக் காமினியை வாங்கி வருபவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் நெருங்கிய உறவு என்பதால் கன்றில் குழப்பம் வரத்தான் செய்யும். கறிவேப்பிலையில் ஒரு ஈர்க்கில் பதினொன்றுக்கு மேல், இருபதுக்கும் மேலேகூடச் சிற்றிலைகள் இருக்கும். பழம் கருநீலம். வாசனை சொல்லவே வேண்டாம். காமினி இலை கறிவேப்பிலையைவிடத் தடிப்பு, மெழுகு பூசியதுபோலப் பளபளக்கும். 'காட்டுக் கறிவேப்பிலை' என்று சிலர் சொல்வதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம், அந்தப் பெயரை இரண்டு மூன்று செடிகளுக்குச் சொல்கிறார்கள்.

நன்மங்கலம், வண்டலூர் காப்புக்காடுகளின் ஓரத்தில் ஆடு மேய்த்தவர்களுக்குக் கொஞ்சிப் பழம் தெரியும். இளஞ்சிவப்பாக, கண்ணாடிபோல இருக்கும், சிறுவர்கள் பறித்துத் தின்பார்கள். அந்தக் கொஞ்சிச் செடியும் இதே எலுமிச்சைக் குடும்பம்தான். 1937ல் தாம்பரத்துக்கு இடம்மாறிய சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் வளாகத்தில் இன்றும் மிச்சமிருக்கும் புதர்க்காட்டிலும் கொஞ்சி உண்டு. காமினியையும் இதையும் பழத்தின் நிறத்தை வைத்தே பிரித்துவிடலாம்.

எலுமிச்சை வைத்திருப்பவர்களுக்கு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி மரங்களைக் கொல்லும் நோய்களில் மோசமானது கிரீனிங் நோய். பாக்டீரியாவால் வருவது. வந்துவிட்டால் மருந்து கிடையாது. மரம் உடனே சாகாது, சில வருடம் காய்த்துக்கொண்டே தேயும். அதனால்தான் விவசாயி அதை வெட்ட மனம் வராமல் வைத்திருக்கிறார், அது அக்கம்பக்க மரங்களுக்கும் பரவுகிறது. பரப்புவது சில்லா என்ற சாறு உறிஞ்சும் பூச்சி. 3 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும், பழுப்பு நிறத்தில் திட்டுத்திட்டான இறக்கை. தலையைக் கீழே வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி, சாய்வாக உட்கார்ந்திருக்கும். அப்படி உட்காரும் பூச்சி வேறு அதிகம் இல்லை என்பதால் ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

இந்தச் சில்லாவுக்கு எலுமிச்சையைவிடவும் பிடித்தமான செடிகளில் ஒன்று காமினி. கறிவேப்பிலையையும் விடாது. கறிவேப்பிலை சாகுபடி செய்பவர்கள் கொழுந்து சுருண்டுபோவதைப் பார்த்துத் திட்டுகிற பூச்சி பெரும்பாலும் இதுதான்.

பூச்சி முட்டையிடுவது இளங்கொழுந்தில் மட்டும். முற்றிய இலையில் அதன் குஞ்சுகள் பிழைக்காது. எலுமிச்சை மரம் வருடத்தில் சில முறைதான் கொழுந்து விடும், இடையில் பல வாரங்கள் சும்மா நிற்கும். அந்த இடைவெளியில் பூச்சியின் எண்ணிக்கை தானாகவே குறையும். ஆனால் பக்கத்தில் காமினி வேலி இருந்து, அதை அழகுக்காக மாதம் ஒருமுறை நாம் கத்தரித்துக்கொண்டே இருந்தால், வெட்டிய இடத்தில் எல்லாம் புதுக் கொழுந்து வந்துகொண்டே இருக்கும். பூச்சிக்கு வருடம் முழுக்கச் சாப்பாடு, தங்க இடம். எலுமிச்சை கொழுந்துவிட்ட அன்றைக்கு வேலியில் இருந்து கிளம்பி மரத்துக்குப் போகும். நாமே தீனி போட்டு வளர்த்து, நம் மரத்துக்கே அனுப்பி வைக்கிறோம்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். 1998ல் அங்கே முதன்முதலாக இந்தப் பூச்சியைக் கண்டது ஆரஞ்சுத் தோட்டத்தில் அல்ல, வீட்டுத் தோட்டத்துக் காமினிச் செடியில். அதன்பிறகு கடைகளில் விற்ற காமினித் தொட்டிகளோடு பூச்சி மாநிலம் முழுக்கப் போனது. 2005ல் கிரீனிங் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 2003-04 பருவத்தில் சுமார் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலம் அது. 2022-23ல் 1.6 கோடிப் பெட்டிகூடத் தேறவில்லை. புயல்களுக்கும் அதில் பங்கு உண்டு, ஆனாலும் முதல் குற்றவாளி இந்த நோய்தான்.

நம் நிலைமை அதே அல்ல. சில்லா நம் நாட்டில் வெகுகாலமாக இருக்கும் பூச்சி. அதைத் தின்னும் எதிரிகளும் இங்கேயே இருக்கின்றன. பொறிவண்டு இதன் குஞ்சுகளைத் தின்னும். டமரிக்சியா என்ற மிகச் சிறிய குளவி குஞ்சுகளின் அடிவயிற்றில் முட்டை வைத்து அவற்றைக் கொல்லும். பிரிட்டிஷ் காலத்துப் பஞ்சாபில் சேகரித்ததை வைத்து 1922ல் அதற்குப் பெயர் வைத்தார்கள். பிறகு பல நாடுகள் அந்தக் குளவியைக் கொண்டுபோய்த் தங்கள் தோட்டங்களில் விட்டன. ஆகவே பயந்துபோய் ஊரில் உள்ள காமினியை எல்லாம் பிடுங்கச் சொல்லவில்லை. எலுமிச்சை, சாத்துக்குடி, கறிவேப்பிலை ஆகியவற்றை வருமானத்துக்காக வைத்திருப்பவர் அந்த நிலத்தில் காமினி வேலி போட வேண்டாம், அவ்வளவுதான். எத்தனை அடி தள்ளி வைக்கலாம் என்று கேட்பீர்கள். அடிக்கணக்கு உதவாது. இந்தப் பூச்சி இரண்டு கிலோமீட்டர் வரைகூடப் போகும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இருந்தாலும் கண்ணெதிரே வளர்த்துவிடுவதற்கும், எங்கிருந்தோ வருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கன்று வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். பல நர்சரிகளில் எலுமிச்சைக் கன்றும் காமினியும் ஒரே நிழல்வலைக்குக் கீழே, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். எலுமிச்சைக் கன்று வாங்குபவர் அப்படிப்பட்ட இடத்தில் வாங்காமல் இருப்பது நல்லது. வேறு வழியில்லை என்றால் கொழுந்துகளைத் திருப்பிப் பாருங்கள். ஆரஞ்சு மஞ்சள் நிறத்தில் தட்டையான குஞ்சுகளும், வெள்ளை மெழுகு நூல் சுருள்களும் தெரிந்தால் அந்த வரிசையையே விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே இரண்டும் இருக்கிறது என்றால்? வேலியை அடிக்கடி நுனி வெட்டுவதை நிறுத்துங்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை, எலுமிச்சை கொழுந்துவிடுவதற்கு முன்பாக வெட்டுங்கள். வெட்டியதை வரப்பில் போடாமல் குழியில் புதையுங்கள், அல்லது பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் இரண்டு நாள் வையுங்கள். அடுத்து வரும் கொழுந்தில் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம், அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ பருப்பு என்ற கணக்கில், மாலை நேரத்தில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் ஒருமுறை. மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிட்டால் பூச்சி வந்திருக்கிறதா என்று தெரியும், அது கட்டுப்படுத்தாது. கண்ட மருந்தையும் அடித்தால் பொறிவண்டும் குளவியும்தான் முதலில் சாகும்.

எலுமிச்சை இலை மஞ்சளானால் உடனே கிரீனிங் என்று முடிவு கட்டவும் வேண்டாம். துத்தநாகச் சத்துக் குறைந்தாலும் இலை மஞ்சளாகும், ஆனால் நடுநரம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். கிரீனிங் நோயில் இலையின் இடப்பக்கத் திட்டும் வலப்பக்கத் திட்டும் பொருந்தாது, ஒழுங்கில்லாமல் இருக்கும். காய் ஒருபக்கம் கோணலாகி, உள்ளே விதைகள் சப்பையாகப் போகும். சந்தேகம் இருந்தால் இலையோடு ஒரு சிறு கிளையைப் பையில் போட்டுக்கொண்டு காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ உங்கள் வட்டாரத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்கோ போய்க் காட்டுங்கள். போட்டோவை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பதிலை நம்பி மரத்தை வெட்ட வேண்டாம்.

எலுமிச்சை இல்லாதவர்கள் காமினி வளர்க்கும் முறை

காமினி நல்ல செடி. வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும், வெட்டினால் அடர்த்தியாகத் தழைக்கும், வெயிலைத் தாங்கும், பாதி நிழலிலும் வளரும். வெட்டாமல் விட்டால் பத்துப் பன்னிரண்டு அடி வரை சிறு மரமாகவே போகும். பூங்கொத்து கட்டுபவர்களும் மேடை அலங்காரம் செய்பவர்களும் இதன் இலைக்கொத்தை வாங்குகிறார்கள். வெட்டிய பிறகும் சீக்கிரம் வாடாது என்பதுதான் காரணம்.

மண்தான் முதல் கேள்வி. தாம்பரம், வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் செம்மண்ணும் சரளையும், கொஞ்சம் தோண்டினால் பாறையும். (பல்லாவரத்துப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் அந்த வகைக் கல் என்பதால் வந்த பெயர்.) சரளை மண்ணில் தண்ணீர் நிற்காது, காமினிக்கு அது பிடிக்கும். எருவை மட்டும் கூடுதலாகப் போட வேண்டும்.

முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற அடையாற்றுப் பள்ளத்து ஊர்களில் நிலைமை வேறு. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், தண்ணீர் எங்கே போய் நின்றது என்பதையும் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. காமினி வேர் தண்ணீரில் நாள்கணக்கில் நின்றால் அழுகிவிடும். இப்படிப்பட்ட இடத்திலும், மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கத்துக் களிமண்ணிலும் ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு அதன்மேல்தான் நட வேண்டும். மழைக்கு முன் நடாமல், பொங்கல் முடிந்து மண் பொலபொலவென்று ஆன பிறகு நடுவதே சரி. சரளை நிலத்துக்காரர்கள் புரட்டாசிக் கடைசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை வேரைப் பிடிக்க வைத்துவிடும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து மணலிலும், உப்புக் கிணற்றுத் தண்ணீரிலும் காமினி தேறாது. இலை ஓரம் கருகிக்கொண்டே இருக்கும். மணலில் வேர்முடிச்சு நூற்புழுவும் பிடிக்கும். அங்கே சங்கங்குப்பி வையுங்கள். அது கடற்கரையிலேயே பிறந்த செடி, உப்பைத் தாங்கும், கத்தரித்தால் அடர்ந்த வேலியாகும், ஆடும் அதைச் சீண்டுவதில்லை.

வேலிக்கு ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் நீளவாக்கில் வாய்க்கால் தோண்டுங்கள். தோண்டிய மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். செடிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. இரண்டு அடிக்கு ஒரு செடி என்றால் 100 அடி வேலிக்கு 51 செடி போதும். சீக்கிரம் மூட வேண்டும் என்று ஒரு அடிக்கு ஒன்று நடுவது காசைக் கரியாக்குவது, நாலு வருடத்தில் உட்பக்கம் காற்று போகாமல் காய்ந்துவிடும். முழங்கால் உயரத்துக்கு மேல் போகாத பாத்தி ஓரத்துக்குக் குட்டை ரகம் என்றால் மட்டும் ஒரு அடி இடைவெளி விடலாம்.

கன்றை நீங்களே தயாரிக்கலாம். நன்றாகப் பழுத்த பழத்தைப் பிசைந்து, சதையைக் கழுவி, அன்றே அல்லது மறுநாளே விதையுங்கள். காயவைத்துப் பொட்டலம் கட்டி வைத்தால் முளைப்புத்திறன் வேகமாகப் போய்விடும். மணலும் மக்கிய எருவும் கலந்த பாத்தியில் அரை அங்குல ஆழம், நிழல், ஈரம். ஒரு மாதத்தில் முளை தெரியும். நாலு இலை வந்ததும் பைக்கு மாற்றி, ஒரு வருடம் வளர்த்து நடலாம். குட்டை ரகத்தைத் தண்டுக்குச்சியில் இருந்து எடுப்பதே வழக்கம். பென்சில் கனத்தில், அரைமுற்றலான, ஆறு அங்குலக் குச்சியை மழைக்காலத்தில் வேரூக்கிப் பொடி தொட்டு நட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி ஈரப்பதம் காக்க வேண்டும். எல்லாம் வேர்விடாது, பாதி வந்தாலே சந்தோஷப்படலாம். பெரிய செடி இருந்தால் பதியன் போடுவது சுலபம்.

முதல் கோடை வரை வாரம் இரண்டு மூன்று தண்ணீர், தூரில் காய்ந்த இலை மூடாக்கு. செடி ஒரு அடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். இதைச் செய்ய மனம் வராமல் உயரம் போகவிட்டவர்களின் வேலிதான் அடியில் ஓட்டையாக, கோழி நுழைகிற மாதிரி இருக்கும். கத்தரிக்கும்போது அடிப்பக்கம் அகலமாகவும் மேல்பக்கம் குறுகலாகவும் வெட்ட வேண்டும். அப்போதுதான் அடியிலைக்கும் வெயில் விழும். காய்ந்த நாட்களுக்குப் பிறகு நல்ல மழையோ பாய்ச்சலோ கிடைத்தால் ஒரே நேரத்தில் பூத்துக் குலுங்கும். பூ முடிந்த பிறகு வெட்டுங்கள், முன்னால் வெட்டினால் அடுத்த பூவை நீங்களே எடுத்துவிட்டதாகும்.

நரம்பு பச்சையாக இருந்து இடையில் மட்டும் மஞ்சளானால் இரும்புச் சத்துக் குறைவு. சுண்ணாம்பு அதிகமான மண்ணிலும், கட்டட இடிபாடு கொட்டிய மனைகளிலும் இது சகஜம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து 15 நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளித்தால் தேறும். இலையில் கரி பூசியதுபோல இருந்தால் மேலே எங்கோ மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கிறது என்று அர்த்தம், கரியைக் கழுவுவதால் பயன் இல்லை. பறவை எச்சம் போன்ற புழுக்கள் இலையைத் தின்றால் விட்டுவிடுங்கள். அவை எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். வளர்ந்த வேலி அதைத் தாங்கும், சின்னக் கன்றில் இருந்தால் மட்டும் கையால் பொறுக்குங்கள்.

காமினி வேண்டாம் என்றால் எதை வைப்பது

எலுமிச்சைக்காரர்களுக்கு என் முதல் சிபாரிசு களாக்காய். எலுமிச்சைக் குடும்பம் இல்லை, பசுமை மாறாது, முள் இருப்பதால் ஆடு மாடு நுழையாது, ஊறுகாய்க்குக் காயும் விற்கும். அழகாக வெட்டி நிறுத்துவது கொஞ்சம் கஷ்டம், கையில் கீறல் நிச்சயம். மருதாணியும் நம் ஊர்ப் பழைய வேலிதான், கடும் கோடையில் மட்டும் இலை குறையும்.

பொறுமை உள்ளவர்கள் இரும்பிலியைத் தேடிப் பாருங்கள். சோழமண்டலக் கரையோரத்துப் பசுமை மாறாக் காடுகளில் இயல்பாக வளரும் செடி இது, கருங்காலி இனம். இதன் பழைய தாவரவியல் பெயரில் பக்சிஃபோலியா என்று ஒரு சொல் வரும், பாக்ஸ்வுட் இலை போன்ற இலை உடையது என்று பொருள். தடித்த சின்ன இலை, இரும்பு போன்ற கட்டை, பெண் செடியில் சிவப்பாகச் சிறு பழங்கள். பாக்ஸ்வுட் மாதிரி இருக்க வேண்டும், நம் வெயிலிலும் நிற்க வேண்டும், எலுமிச்சைக்கும் தொல்லை தரக் கூடாது என்றால் அதற்கு மிக நெருங்கி வருவது இதுதான். ஆனால் மிக மெதுவாக வளரும். சாலையோரக் கடைகளில் பெரும்பாலும் கிடைக்காது. வனத்துறை நாற்றங்கால்களிலும், நாட்டு மரக்கன்றுகள் மட்டும் வளர்க்கும் நாற்றங்கால்களிலும் கேளுங்கள். கிடைத்தால் எலுமிச்சைத் தோட்டத்து ஓரத்தில் இரண்டு அடிக்கு ஒன்றாக நட்டு, நடுவில் தற்காலிகமாக மருதாணியை வைத்துக்கொள்ளுங்கள். இரும்பிலி இடுப்பளவு வந்த பிறகு மருதாணியை எடுத்துவிடலாம்.